புனிதாவின் மணிக்கட்டு

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் கோல்ஃப் பழகினார். கையில் இருந்தது கோல்ஃப் மட்டை இல்லை. கொல்லையில் துணி உலர்த்த வைத்திருக்கும் மூங்கில் கொம்பு. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பின்பக்கத்தைத் தள்ளி அவர் நின்ற கோலத்தைப் பார்த்து என் பேத்திக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. முதல் வீச்சில் காலண்டர் விழுந்தது. இரண்டாவது வீச்சில் மின்விசிறி தப்பித்தது எங்கள் நல்ல காலம். அவர் அலுவலகத்துப் பெரிய அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் ஆடப் போகிறார்களாம். கூடப் போகிறவர்களுக்குத்தான் பதவி உயர்வாம். பிழைப்புக்காக மனிதன் எந்தெந்த இடத்திலெல்லாம் வளைய வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

அவருக்குப் பாடம் எடுத்தது போனில் ஒரு வெள்ளைக்காரர். அந்த ஆளின் உடம்பு முழுக்க மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். முதுகுத்தண்டுக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, மணிக்கட்டில் ஒரு கோணம். மட்டையை மேலே தூக்கும்போது மணிக்கட்டு மடங்க வேண்டும். கீழே வரும்போது அந்த மடிப்பை அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது. முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், அதன் பின்னால் கை. மணிக்கட்டு எல்லாவற்றுக்கும் கடைசி. பந்தைத் தொடும் கணத்தில்தான் அது அவிழ வேண்டும். ஆங்கிலம் புரிகிறதோ இல்லையோ, அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு எல்லாம் புரிந்தது. இந்த வரிசையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கோடு போடாத ஓர் உடம்பில்.

"மாமா, நான் அடிக்கிறத ஸ்லோ மோஷன்ல எடுங்களேன்," என்று போனை என் கையில் கொடுத்தார் மாப்பிள்ளை. "மணிக்கட்டு எங்க இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நீங்க அம்பயரா இருந்தவரு, உங்க கண்ணுக்குத் தப்பாது."

சமையலறையிலிருந்து என் மகள் குரல் கொடுத்தாள். "அப்பா சாதாரண அம்பயர்னு நெனச்சீங்களா? சொந்தத் தங்கச்சிக்கே ஃபவுல் குடுத்தவரு. ஊரே சொல்லும்."

அவள் குரலில் இருந்த பெருமை இருக்கிறதே, அதைக் கேட்டதும் போனை மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். வயதானவர், உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வந்தது கோபம். கிணற்றடியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். யார் மேல் கோபம் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். நிறையப் பேர் மேல். அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

பூப்பந்து உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இப்போது டெல்டாவில்கூட இறகுப்பந்து ஆடுகிறவர்கள்தான் அதிகம். பூப்பந்து வேறு. மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து தரையைத் தொடக் கூடாது. புதுப் பந்தை மூக்கருகே வைத்தால் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கம்பளிச் சால்வையின் வாசம் அடிக்கும். பனி இறங்கியபின் ஆடினால் பந்து ஈரம் ஏறி, நனைந்த ஆட்டுக்குட்டி வாசம் வரும். எங்கள் காரைக்காலில் இன்னொரு சங்கடம் கடல்காற்று. மாலையானால் கிழக்கிலிருந்து அடிக்கும். கிழக்குப் பக்கத்து அணி தூக்கி அடித்தால் பந்து நாகப்பட்டினம் போகிறதா திருநள்ளாறு போகிறதா என்று தெரியாது. அதனால் எங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் தூக்கி அடிக்க மாட்டார்கள். வலைக்கு ஒட்டி, தாழ, வெட்டி அடிப்பார்கள். வெட்டுவதற்குத் தோள் போதாது. மணிக்கட்டு வேண்டும்.

தலத்தெருவில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மைதானம். மைதானம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். அரிசி ஆலைக்காரர் நெல் காயவைக்கப் போட்டிருந்த இடம். அறுவடைக் காலத்தில் நெல், மற்ற மாதங்களில் நாங்கள். நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். அந்தப் படிப்பை மைதானத்தில் காட்டாமல் இருக்க மாட்டேன். "எடக்கால் முன்னாடி, எடை பின்கால்ல, முழங்கை விலாவ ஒட்டி" என்று எல்லோருக்கும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். நான் ஆடினால் மட்டும் பந்து வலையில் மாட்டும். கல்லூரி அணியில் ஒரு வருடம் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆட்டத்துக்கும் எழுப்பவில்லை. ஆட வராதவன் என்ன செய்வான்? அம்பயர் தேர்வு எழுதினேன். முதல் முயற்சியிலேயே தேறினேன். விதிப்புத்தகம் மனப்பாடம்.

என் தங்கை புனிதவதி. காரைக்கால் அம்மையாரின் பெயர் என்பதால் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு புனிதவதி இருப்பார்கள், எங்கள் வீட்டில் இருந்தவள் புனிதா. என்னைவிட ஆறு வயது இளையவள். அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒரு நாள் என் மட்டையை எடுத்து அவள் போட்ட முதல் சர்வீஸ் வலைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் போய், எதிர்ப்பக்கம் இறங்கியதும் செத்த பல்லி மாதிரி விழுந்தது. "எப்படி அடிச்சே?" என்றேன். "தெரியல. கடைசியில கைய விட்டேன்," என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த இயற்பியல்.

இப்போது யோசித்தால் அந்த வெள்ளைக்காரரின் மஞ்சள் கோடுகள் எல்லாம் அவள் உடம்பில் இருந்தன. இடது கால் முன்னால், அகலமாக. முட்டி மடங்கி, உடம்பு தாழ்ந்து. மட்டை பின்னால் போகும்போது மணிக்கட்டு நன்றாக மடங்கியிருக்கும். இடது கை பந்தை விடும். இடுப்பு திரும்பும். தோள் வரும், கை வரும். மணிக்கட்டு இன்னும் வராது. பார்க்கிறவர்களுக்கு, இனி அடிக்க முடியாது, பந்து கீழே விழுந்துவிட்டது என்று தோன்றும் நொடியில் ஒரு சொடுக்கு. பந்தின் அடிவயிற்றைச் சீவிக்கொண்டு மட்டை போகும். கண் சிமிட்டினால் போச்சு. எதிர் அணிக்காரிகள் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து சுழன்று வேறு பக்கம் போயிருக்கும்.

விதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் போடும்போது பந்தும் மட்டையும் சந்திக்கும் இடம் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் ஃபவுல். சர்வீஸ் கை மாறும். இதைத் தீர்மானிப்பது அம்பயரின் கண். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. புனிதாவின் கை அவ்வளவு வேகம் என்பதால் அம்பயர் என்ன சொல்கிறாரோ அதுதான் நடந்தது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய திறமைதான் என் பொய்க்கு வசதி செய்து கொடுத்தது.

பெண்கள் அணியை நடத்தியவள் லூர்து. புனிதாவின் வகுப்புத் தோழி. அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அதனால் வீட்டில் ரேடியோ இருந்தது, சாக்லேட் இருந்தது, யாருக்கும் பயப்படாத வாயும் இருந்தது. டீக்கடை ஓரம் நின்று பெண்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைப் பார்த்து, "டிக்கெட்டு எடுத்துட்டுப் பாருங்கய்யா, பந்து வாங்கக் காசு இல்ல" என்று கத்துவாள். அவர்கள் சிரிப்பார்களே தவிர நகர மாட்டார்கள். பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு தாவணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பெண்கள் ஆடினார்கள். கை, முகம், கணுக்கால் தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் நின்றார்கள். பந்தைப் பார்க்க அவர்கள் வரவில்லை.

என் மாப்பிள்ளை பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு கூடத்தில் நின்றால் அது பதவி உயர்வு. என் தங்கை முட்டியை மடக்கி நின்றால் அது குடும்ப மானம். அதே கால், அதே முட்டி, அதே இடுப்பு. பந்தை அடிக்க வேறு எப்படி நிற்பதாம்? கைகூப்பிக்கொண்டா?

புனிதா பள்ளி முடித்த பிறகு திருமலைராயன்பட்டினத்திலிருந்து அவளுக்குச் சம்பந்தம் வந்தது. நல்ல இடம். நிலம் இருந்தது, பையன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பிடித்திருப்பதாகவும் தையில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். பிறகு பையனின் தாய்மாமன் மட்டும் தனியாக ஒரு நாள் வந்தார். காப்பி குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாக ஆரம்பித்தார்.

"பொண்ணு லட்சணம். அதுல கொற சொல்லிட முடியாது. நேத்து இந்தப் பக்கம் வந்தேன், கிரவுண்டுல ஆடிக்கிட்டு இருந்துச்சு. கால அகட்டிக்கிட்டுக் குனிஞ்சு நிக்குதே, நீங்க பாத்திருக்கீங்களா?"

அப்பா மேரியில் எழுத்தர். நகராட்சி அலுவலகத்தை அவர் காலத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள், பிரெஞ்சுக்காரர்கள் போய் வருடங்கள் ஆகியும். அலுவலகத்தில் யாருக்கும் தலை குனியாத மனிதர், பெண்ணின் கல்யாணம் என்றதும் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க குத்துவெளக்கு மாதிரி நிப்பாங்க," என்றார் அந்த ஆள். "சின்னப் புள்ள வெளையாட்டு, இருக்கட்டும். தையோட விட்டுடும்ல? வெளியூரு கிளியூருன்னு போகாதுல்ல?"

உள்ளே அடுப்பங்கரையில் புனிதா நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும். நான் அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "அது ஆட்டத்துக்கு நிக்கிற நெலைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இடக்கால், வலக்கால், எடை, கோணம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவனுக்கு அன்றைக்கு வாய் திறக்கவில்லை. "இல்லைங்க, போகாதுங்க" என்று சொன்னது அப்பா இல்லை. நான்.

ஆனால் அவள் போகிற மாதிரிதான் இருந்தது. மார்கழியில் எங்கள் மைதானத்திலேயே பெண்களுக்கான போட்டி. இறுதி ஆட்டத்தைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து இருவர் வந்தார்கள். வெளி மாநிலம் போகும் அணிக்கு ஆள் பொறுக்க வந்தவர்கள். காரைக்கால் அணி ஜெயித்தால்தான் அதிலிருந்து எடுப்போம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எதிர் அணி நாகூர்ப் பக்கம். அம்பயர் தேர்வு எழுதித் தேறியவன் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான். எதிர் அணியின் மேலாளர் தயங்கினார். "அந்தப் பொண்ணுக்கு அண்ணன்ங்கறாங்களே." எங்கள் ஊர் ஆட்கள் விடவில்லை. "அவரு அம்மா வந்து ஆடுனாலும் ஃபவுல்னா ஃபவுல்தாங்க" என்று சத்தியம் செய்யாத குறை. எனக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது.

அன்று காலை அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "நீதான அம்பயரு?" என்று கேட்டார். "ஆமாப்பா." பொத்தான்களைப் போட்டு முடித்தார். "அவ ஜெயிச்சா ரயிலேறிப் போவா. பட்டினத்துக்காரங்க காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க." அவ்வளவுதான் சொன்னார். என்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பல காலம் எனக்கு நானே, அப்பாவுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடுகளில் தங்கைக்கு முடித்தபிறகுதான் அண்ணனுக்கு. எனக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் வீட்டில், "உங்க பொண்ணு கல்யாணம் முடிஞ்சாத்தான் நம்மதுங்கிறீங்க. எங்களால ரொம்ப நாள் காத்திருக்க முடியாது" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதுதான் காரணம். அதற்கு அடியிலே இன்னொன்றும் இருந்தது. மாற்று ஆளாக உட்கார்ந்தே காலம் போனவனுக்கு, கூடப் பிறந்தவள் ஆட்டம் முடிந்து ஊர்வலமாக வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசி செட். புள்ளி நெருக்கமாக வந்துகொண்டிருந்தது. புனிதா சர்வீஸ். கால் அகன்றது, முட்டி மடங்கியது, மணிக்கட்டு மடங்கியது. சொடுக்கு. பந்து வலையை உரசிக்கொண்டு போய் விழுந்தது. நாகூர்ப் பெண்களில் ஒருத்திகூட அசையவில்லை. கூட்டம் கத்த வாய் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கினேன்.

"ஃபவுல். இடுப்புக்கு மேல."

கூட்டம் அடங்கியது. லூர்து வலையருகிலிருந்து ஓடி வந்தாள். "என்னாண்ணே, கண்ணு தெரியுதா? முட்டிகிட்ட அடிக்கிறா, இடுப்புங்கிறீங்க!" நான் விதிப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி, "அணித் தலைவி இடத்துக்குப் போகவும்" என்றேன். புனிதா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

சர்வீஸ் மறுபடி அவளிடம் வந்தபோது இரு பக்கமும் கடைசிப் புள்ளிக்கு நின்றன. இந்த முறை அவள் இன்னும் தாழ்ந்தாள். கிட்டத்தட்ட உட்கார்ந்தே விட்டாள். முழங்காலுக்கும் கீழே பந்தை விட்டு அடித்தாள். அப்படியும் அந்தப் பந்து வலை தாண்டிப் போய்ச் சுருண்டு விழுந்தது. அந்த நிலையிலிருந்து அப்படி ஒரு சர்வீஸை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆட்டம் அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் கையைத் தூக்கினேன்.

அடுத்த சர்வீஸில் நாகூர் ஜெயித்தது.

லூர்து மட்டையைத் தரையில் ஓங்கி அடித்து உடைத்தாள். புனிதா தன் மட்டையைத் துடைத்து, உறையில் போட்டு, என் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு நடந்தாள். எதிர் அணியின் மேலாளர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசனா" என்றார். பட்டினத்துத் தாய்மாமன் பின்வரிசையில் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தையில் கல்யாணம். வளையல் அடுக்க வந்த பெரியவர் புனிதாவின் வலது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒரு கை அண்ணன், ஒரு கை தம்பின்னு இருக்கு?" என்றார். இடது கைக்கு ஏறிய அளவு வலது கைக்கு ஏறவில்லை. மட்டை பிடித்துப் பிடித்து உள்ளங்கை அகன்று எலும்பு கெட்டிப்பட்டிருந்தது. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மா சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்ததில் ஒன்று உடைந்து கீறியது. "வலது கைக்குப் பெருசாப் போட்டுடுங்க. வெளிய தெரிய வேணாம்," என்றாள் அம்மா. அழகாக இருந்திருக்க வேண்டிய கை. அந்தக் கையை ஒளித்து வைக்க எல்லோரும் பாடுபட்டோம்.

அடுத்த வைகாசியில் எனக்குக் கல்யாணம். பிறகு காலேஜில் வேலை. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்த ஃபவுல் எனக்குப் போட்ட சோறு கொஞ்சமில்லை. தெருவில் வாய்க்கால் தகராறு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். மாங்கனித் திருவிழாக் கோலப் போட்டிக்கு நான் நடுவர். காலேஜில் மாணவர் சண்டை விசாரணைக் குழு என்றால் நான் தலைவர். "சொந்தத் தங்கச்சிக்கே ஃபவுல் குடுத்தவரு." ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு இதையே மூன்று பேர் மேடையில் பேசினார்கள். நான் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தத் தலையை அப்படியே பிடித்து மேசையில் மோதியிருக்க வேண்டும். என் மனைவி கடைசிவரை என்னை அப்படிப்பட்ட மனிதன் என்றே நம்பிப் போய்ச் சேர்ந்தாள்.

பொங்கல் முடிந்து மாப்பிள்ளையும் மகளும் கிளம்பிய மறுநாள் பஸ் ஏறிப் பட்டினம் போனேன். புனிதாவின் கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. கெட்ட மனிதர் இல்லை. மகனுடன் இருக்கிறாள். முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாண்ணே. சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற. யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்பா வீட்டப் பாகம் பிரிக்கப் போறியா? எனக்கு மாடி வேணாம், ஏற முடியாது," என்று சிரித்தாள்.

"அந்த மேட்சுல நீ போட்ட ரெண்டு சர்வீஸும் சரிதான் புனிதா."

எந்த மேட்ச் என்று அவள் கேட்கவில்லை. கீரைக் காம்பு கையிலேயே இருந்தது.

"அப்பறம் ஏன் கையத் தூக்குனே? அப்பா சொன்னாரா?"

"இல்ல."

சுவரில் மாட்டியிருந்த கணவர் படத்தைப் பார்த்தாள். "இவுங்களா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. நானாத்தான். என் கல்யாணம் தள்ளிப் போயிரும்னு."

கையிலிருந்த காம்பை முறத்தில் போட்டாள். நான் எதிர்பார்த்தது வேறு. தெரியும்ணே, அன்னிக்கே தெரியும், போனது போவட்டும் என்பாள் என்று பஸ்ஸில் வரும்போதே அவளுக்கும் சேர்த்து வசனம் எழுதி வைத்திருந்தேன். அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அவள் என்னை நம்பியிருந்தாள்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "என் கை எப்பவுமே தப்பாத்தான் அடிச்சிருக்குன்னு நெனச்சேன். ஸ்கூல்ல ஜெயிச்சது, அப்பறம் ஜெயிச்சது, அத்தனையும் திருட்டுக் கப்பு, மத்த எவனுக்கும் தெரியல, எங்கண்ணன் ஒருத்தன் கண்ணுலதான் மாட்டுச்சுன்னு நெனச்சேன். மொதத் தடவ நீ சொன்னதுமே முட்டிக்கும் கீழ எறக்கிட்டேன். அதுக்கும் ஃபவுலுங்கிற. முட்டி எது, இடுப்பு எதுன்னு தெரியாத கையி என்ன கையின்னுதான் விட்டேன். எம் பேத்தி பேட்டு வாங்கிக் குடுன்னு கேட்டப்ப, நம்ம வீட்டுக் கைக்கு அது சரிப்பட்டு வராதுடின்னு சொன்னேண்ணே. நான் சொன்னேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"லூர்து அன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு வந்தா. ஒங்கண்ணன் திருடன்டீ, வேணும்னே பண்ணுனாருன்னு சொன்னா. எங்கண்ணனச் சொன்னா செருப்பு பிஞ்சிரும்னு நான் கத்துனேன். அவ கன்னத்துல அடிச்சேன். அதோட போச்சு. பிரான்சுக்குப் போறப்ப வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டா. நான் உள்ளேருந்து வரல."

"அவ அட்ரஸ் கெடைக்குமா பாக்குறேன். நான் எழுதுறேன், எல்லாத்தையும்..."

"செத்துட்டா. அவ தம்பி மவன் வந்து சொல்லிட்டுப் போனான். நீ யாருக்கு எழுதுவ? அப்பா இல்ல, அம்மா இல்ல. எங்கூட ஆடுனவளுக யாரு இருக்கா? ஆளெடுக்க வந்தவங்க இருக்காங்களா? சொல்லு, யாருகிட்டப் போயி சொல்லுவ?"

எனக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும்தான் அவள் குரல் உயர்ந்தது.

"அழுவாத. நீ அழுதா நான் தேத்தணும். எனக்கு இப்ப அது முடியாது. எந்திரி. பஸ் இருக்கு, போ."

எழுந்து வந்தேன். அவள் வாசல்வரை வரவில்லை. அதன்பிறகு இரண்டு முறை போன் செய்தேன், மகன்தான் எடுத்தான். அம்மா படுத்திருக்காங்க மாமா என்றான். நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய்தான். மன்னித்து அனுப்புவாள், வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கலாம் என்றுதான் போனேன்.

நெல் காய்ந்த அந்த இடம் இப்போது ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்துமிடம். ஆலை இல்லை, டீக்கடை இல்லை. அவற்றுக்காக நான் வருந்தவில்லை. இடம் என்றால் மாறத்தான் செய்யும். அன்று மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் போய்விட்டார்கள் என்பதுதான் என்னைக் கொல்கிறது. அவர்கள் ஒவ்வொருவரும், புனிதா என்ற பெண் ஃபவுலாக சர்வீஸ் போட்டாள், அவள் அண்ணன் நியாயவான் என்ற பொய்யோடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்களை எழுப்பிச் சொல்ல முடியாது. அவள் ஆடியதைப் படம் பிடித்தவர் யாரும் இல்லை. அந்தச் சொடுக்கு எப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய கண்களில் மிஞ்சியது என்னுடையதுதான், அதைத்தான் நம்ப முடியாது.

அதனால் முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். யாராவது ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். அன்று புனிதா போட்ட இரண்டு சர்வீஸும் சரியானவை. பந்தைத் தொட்டபோது மட்டை அவள் இடுப்புக்கு நன்றாகக் கீழேதான் இருந்தது. நான் பார்த்தேன். ஆட்டம் அவளுடையது.